அந்தப் பிள்ளைக்கு நோய் இருந்திருந்தால்?

(திருகோணமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தம்பலகாமத்து வயல்களிலிருந்தும் துறைமுகத்து வேலைத்தலங்களிலிருந்தும் வந்திருக்கும் பெருமக்களே!

எயிட்ஸ் என்ற சொல்லை மேடையில் உச்சரிப்பதா என்று நண்பர் சிலர் என்னைத் தடுத்தனர். உச்சரிக்க அஞ்சியே நாம் உயிர்களை இழந்தோம், ஆகவே பேசுகின்றேன்.

2016ஆம் ஆண்டில் குளியாப்பிட்டியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதுப் பாலகன் ஒருவன். தந்தை எயிட்ஸ் நோயால் மாண்டார் என ஊரிலே ஒரு வதந்தி. அவன் பாடசாலையில் கால் வைத்ததும் மற்றப் பெற்றோர் தத்தம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். அவனுக்கு நோயில்லை எனச் சோதனை காட்டியது. அப்பொழுதும் ஊர் இணங்கவில்லை. இறுதியில் கண்டி டிரினிட்டிக் கல்லூரி இடமளித்தது. வழக்கும் உயர் நீதிமன்றம் சென்றது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கும் கல்வி கற்கும் உரிமை உண்டு என்பதை அம்மன்றம் அவ்வாண்டு ஏப்ரிலில் ஏற்றுரைத்தது.

“நோயற்ற பிள்ளையை வதைத்தார்களே!” என்று பலர் இரங்கினர். இந்த இரக்கத்தின் மேல்தான் எனக்கு ஐயம். நோய் இருந்திருந்தால் வதைத்தது நியாயமாகிவிடுமா? ஒரே வாங்கில் இருப்பதாலோ ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ இந்நோய் தொற்றாது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. இரத்தத்தைச் சோதித்த பின்னரே சமம் என்று அது சொல்லவில்லை.

என்னிடம் ஒரு தொழிலாளி வந்தார். ஊரும் பெயரும் சொல்லமாட்டேன். இங்குள்ள ஆஸ்பத்திரி வாயிலில் அயலவர் காண்பரே என்று கூசிக் கூசி ஈராண்டைக் கழித்தார். பின்பு இரவு ரயிலேறிக் கொழும்பு சென்று இரத்தம் கொடுத்தார். அதற்குள் மனைவிக்கும் நோய் பற்றிவிட்டது. அந்த ஈராண்டு அச்சத்தை அவருக்குக் கொடுத்தவர் யார்? நாம்தான்.

சோதனையும் மருந்தும் அரசாங்கம் இலவசமாகவே வழங்குகிறது. மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைக் காத்துவந்தால், உடலுறவால் மற்றவருக்குப் பரவாதென வைத்திய உலகம் நிறுவிவிட்டது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. எவ்வாறு இயன்றது? கருவுற்ற தாய்மாருக்கெல்லாம் வேறுபாடின்றிச் சோதனை நடந்தது, “நீ ஏன் வந்தாய்?” என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. ஆடவன் சென்றால் கேட்கிறோம். ஆணுறை வாங்குபவனைக் கண்டால் சிரிக்கிறோம்.

இந்நோயின் பேரால் வேலை இழந்தவரோ, பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் மறுக்கப்பட்டவரோ, எவராயினும் என் அலுவலகத்துக்கு வரலாம். கட்டணம் வாங்கேன். பகலில் வரக் கூசுவோர் விளக்கு வைத்த பின் வாருங்கள், பின்கதவு திறந்திருக்கும்.