அம்மையாரின் அற்புதம்

நேற்றிரவு ஆனைக்குட்டத்துத் திருவிழாவில் வாணம் எழுந்தபோது குழந்தைகள் வாய்பிளந்து அண்ணாந்து நின்றனர். பட்டாசுக்கு மருந்து செலுத்திக் காய்ப்பேறிய கைகளையுடைய பெரியோரோ நிமிரவில்லை. குறை கூறோம், நெருப்பின் மறுமுகமும் கண்டவர்கள் அவர்கள். ஆயினும், துன்பம் கண்டபின் வியப்பு மாண்டேதான் போகவேண்டுமோ?

காரைக்காலம்மையாரை நோக்குமின். மாங்கனி அதிசயங்கண்டு அஞ்சிக் கணவன் பரமதத்தன் அகன்றான். வேறு மணமும் புரிந்தான். அம்மையார் தசையும் அழகும் உதறிப் பேயுருக் கொண்டார். இத்தனைக்கும் பின்னர்ப் பாடிய 101 வெண்பாக்களுக்குப் பெயர் என்ன? அற்புதத் திருவந்தாதி! அதன் தொடக்கமே, பேச்சுப் பழகிய பிள்ளைப் பருவத்தை நினைவதுதான். அன்று பிடித்ததை அம்மையார் விடவேயில்லை.

பின்னர்த் தலையாலே நடந்து கயிலை ஏறினார். இவர் யாரென்று உமாதேவியார் வியந்து வினவினார். தாயும் தந்தையும் இல்லாத பெருமான், அப்பிள்ளையுள்ளத்தை நோக்கி, ‘அம்மையே’ என்றழைத்தான்.