யானைத் தொட்டி சொல்லிக்கொடுத்த பாடம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், புத்தூரில் பேசியது)

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க குழுவில் ஆறு பேர் மண்ணுல பூந்தொட்டி செய்றோம். கத்துக்கொடுத்தவர் எங்க ஊர் வேளார் தாத்தா. போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டாங்க. சும்மா தொட்டின்னா பிள்ளைங்க அரை மணி நேரம் உட்கார மாட்டாங்க. அதனால, "மூஞ்சி வச்ச தொட்டி செய்வோம். வெந்தயம், கொத்தமல்லி விதைச்சா அதுதான் தலைமுடி"ன்னு சொன்னேன். யானை, ஆந்தை, தவளை, பெரிய மீசை வச்ச அய்யனார் எல்லாம் வந்துச்சு. வாத்தியார் மாதிரி தொப்பை வச்சு ஒருத்தன் செஞ்சான். வாத்தியாரே சிரிச்சுட்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவுலதான் பாடம். மண் உருண்டையை உள்ளங்கையில் வச்சு, கட்டைவிரலால நடுவுல அமுக்கி, சுவரைச் சுண்டுவிரல் கனத்துக்குக் கொண்டு வரணும். காது, மூக்கு ஒட்டுற இடத்துல ஈர்க்குச்சியால கீறி, மண்குழம்பு தடவி ஒட்டணும். ரெண்டும் ஒரே ஈரப்பதத்துல இருக்கணும். இல்லேன்னா காயும்போது காது தனியா கழண்டுடும். அடியில தண்ணி வடிய ஓட்டை வைக்கணும். அப்புறம் நிழல்லதான் காய வைக்கணும்.

இங்கதான் நான் தப்பு பண்ணினேன். பள்ளிக்கூட விழா நெருங்கிடுச்சு. தாத்தா, "உள்ள இன்னும் ஈரம் இருக்கும்மா, நாலு நாள் போகட்டும்"னார். தொட்டியைக் கன்னத்துல வச்சுப் பார்த்தா ஜில்லுன்னுதான் இருந்துச்சு. தெரிஞ்சும் கேக்காம, வைக்கோலும் வரட்டியும் அடுக்கித் தீ மூட்டிட்டேன். கொஞ்ச நேரத்துல பட்டு பட்டுன்னு சத்தம். உள்ள இருந்த ஈரம் ஆவியாகி, வெளிய வர வழியில்லாம வெடிக்குது. 38 தொட்டியில 17 போச்சு.

ஒரு பொண்ணு, யானைத் தும்பிக்கையை மட்டும் கையில வச்சுக்கிட்டு, "நான் ஒழுங்காத்தானேக்கா செஞ்சேன்?"னு கேட்டா. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும், "நீ ஒழுங்காத்தான் செஞ்ச. அவசரப்பட்டது நான்தான்"னு சொன்னேன்.

குழுக் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்னேன். எங்க தலைவி அக்கா, "பணம் கொடுத்தா யானை வந்துடுமா? போய் மறுபடி செய்யச் சொல்லிக்கொடு"ன்னாங்க. காசு வாங்காம மூணு நாள் போனேன். இந்தத் தடவை பத்து நாள் காய வச்சோம். 17-ம் முழுசா வந்துச்சு. உடைஞ்ச ஓட்டாஞ்சில்லைத் தொட்டி ஓட்டை மேல வச்சு, அதுக்கு மேல மண்ணு போட்டோம். தண்ணி வடியும், மண்ணு போகாது.

பக்கத்து உறையூர்ல 1960-கள்ல சென்னைப் பல்கலைக்கழகம் தோண்டினப்போ, எழுத்துக் கீறின பானை ஓடுங்க கிடைச்சுது. பச்சை மண் ஒரு மழைக்கே கரையும். பொறுமையாச் சுட்ட மண் ரெண்டாயிரம் வருஷம் நிக்கும். அதைப் பிள்ளைங்ககிட்ட சொன்னப்ப கண்ணை விரிச்சுக் கேட்டாங்க.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. புதுச்சேரி வில்லியனூர் முனுசாமி ஐயாவுக்கு 2020-ல் சுடுமண் சிற்பத்துக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. ஆனா எங்க தாத்தா பிள்ளைங்க யாரும் சக்கரத்தைத் தொடலை. அதனால, வகுப்பு எடுத்து வர்ற பணத்துல ஒரு பங்கு அவருக்குன்னு தீர்மானம் எழுதியிருக்கோம். உங்க ஊர்லயும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். அவர் இருக்கும்போதே போய்க் கத்துக்குங்க.

அந்தப் பொண்ணோட யானைக்கு இப்ப தலை நிறைய வெந்தயக்கீரை.