முதல் அடியை விட்டுக்கொடுங்கள்



இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, உங்களை ஜமைக்காவுக்கு அழைத்துப் போகிறேன். ரெகே இசை பிறந்த தீவு அது. 1976 டிசம்பர் 3ஆம் தேதி இரவு, கிங்ஸ்டன் நகரில் பாடகர் பாப் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கியோடு சிலர் புகுந்தார்கள். அவருடைய மார்பிலும் கையிலும் குண்டு பட்டது. மனைவி ரீட்டாவுக்குத் தலையில் காயம். இரண்டே நாளில் நடக்கவிருந்த ஓர் இலவசக் கச்சேரியில் பாட மார்லி ஒப்புக்கொண்டிருந்தார். ஆறாத புண்ணோடு மேடையேறிப் பாடினார். பிறகு நாட்டை விட்டு வெளியேறினார்.

அன்றைய கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகள் கட்சிவாரியாகப் பிளந்து கிடந்தன. எதிர்க்கட்சித் தெருவுக்குள் கால் வைத்தால் உயிர் மிஞ்சாது. அந்தப் பகைக்கு நடுவே, எதிரெதிர் அணிகளின் தலைவர்களான கிளாடி மாசப்பும் பக்கி மார்ஷலும் ஒரே சிறையில் அடைபட்டார்கள். அங்கே பேசிப் பேசித்தான் சண்டையை நிறுத்தும் எண்ணம் பிறந்தது. அதற்கான அமைதிக் கச்சேரியில் பாட மார்லியைத் திரும்ப அழைத்தார்கள். தன்னைச் சுட்ட ஊருக்கு அவர் வந்தார்.

1978 ஏப்ரல் 22, தேசிய விளையாட்டரங்கம். பாட்டின் நடுவே பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்தார் மார்லி. இருவர் கைகளையும் பிடித்துத் தன் தலைக்கு மேலே ஒன்றாகச் சேர்த்தார்.

உண்மையை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தக் கைகோர்ப்பால் துப்பாக்கிகள் ஓயவில்லை. மறு ஆண்டே மாசப் காவல்துறையின் குண்டுகளுக்குப் பலியானார். 1980 தேர்தல் ஆண்டில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அப்படியானால் பாட்டு தோற்றுவிட்டதா? இல்லை. பகைவர்களை ஒரே மேடையில் நிற்கவைப்பது வரை பாட்டின் வேலை. மேடையை விட்டு இறங்கிய பிறகு அந்தக் கைகளைப் பிரியாமல் காப்பது மனிதர்களின் வேலை. அதில் தவறியவர்கள் மனிதர்களே. பாட்டு தன் பயணத்தைத் தொடர்ந்தது. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில், மார்லி தன் சொந்தச் செலவில் போய் அங்கே பாடினார். 2018இல் யுனெஸ்கோ ரெகேயை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த இசையின் தாளத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ரெகேயின் தனி அடையாளமான ‘ஒன் டிராப்’ தாளத்தில், நான்கு அடிகளில் முதல் அடியில் முரசு பேசாது. அந்த இடம் வெறுமையாக நிற்கும். மூன்றாவது அடியில்தான் முரசு முழு பலத்தோடு இறங்கும். மற்ற பல இசைகளில் ஓங்கி ஒலிக்கும் முதல் அடியை ரெகே விட்டுக்கொடுக்கிறது. அந்த வெற்றிடம்தான் கேட்பவரை அசைந்தாட வைக்கிறது.

தமிழில் ‘அடி’ என்றால் தாளமும்தான், தாக்குதலும்தான். மாணவச் செல்வங்களே, நாளை வேலையிடத்திலும் வீட்டிலும் பொதுவாழ்விலும் உங்களோடு முரண்படுவோர் வருவார்கள். முதல் அடியை விட்டுக்கொடுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை இடம் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது உண்மையை உரக்கச் சொல்லுங்கள். சேர்த்த கைகளை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.