பத்தாவது தொழிலாளி எங்கே?

கொல்கத்தாவின் சிறு நிறுவனங்களில் தொழிலாளர் உரிமையும் வரிப் பொறுப்பும்: உரையின் எழுத்து வடிவம்

கொல்கத்தாவின் பர்ராபஜாரில் மொத்த விற்பனைக் கடைகள், காலேஜ் தெருவை ஒட்டிய சந்துகளில் புத்தக பைண்டிங் பட்டறைகள், மெட்டியாப்ரூஸில் தையல் கூடங்கள். இத்தகைய இடங்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், முதலாளிக்கு வசதியான விடை ஒன்றுதான்: "ஒன்பது பேர்."

பத்துப் பேர் ஆகிவிட்டால் இஎஸ்ஐ வந்துவிடும், பணிக்கொடை வந்துவிடும். இருபதைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதியும் போனஸும் சேரும். குறைந்தபட்சக் கூலிக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் இத்தகைய எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் அவை உண்டு. ஆனால் எஞ்சிய பாதுகாப்புகளையெல்லாம் சட்டம் தலைகளை எண்ணியே வழங்குகிறது. எண்ணும் பதிவேடோ முதலாளியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மறைக்கப்படும் தொகை என்ன? மாதம் 12,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு முதலாளி செலுத்த வேண்டிய இஎஸ்ஐ பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். தொழிலாளியின் பங்கு 90 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு இருவரும் 12 சதவீதம், தலா 1,440 ரூபாய். பத்தாண்டு உழைத்து விலகும்போது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை ஏறத்தாழ 69,000 ரூபாய். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இவ்வளவையும் இழக்கிறார். துர்கா பூஜைக்கு முன் அவர் கையில் வைக்கப்படும் சில நூறு ரூபாய் அன்பளிப்பாகப் பேசப்படும். தகுதியுள்ள நிறுவனத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் சட்டப்படியான கடன் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. நம் ஊர் தீபாவளி இனாமின் கதையும் இதுவே.

எண்ணிக்கையை மறைக்கும் தந்திரங்களைச் சட்டம் அறியாமல் இல்லை. ஒரே நிறுவனத்தை இரண்டு பெயர்ப் பலகைகளாகப் பிரிப்பது பழைய வழக்கம். 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டமோ, ஒரு நிறுவனத்தின் கிளைகளும் பிரிவுகளும் எங்கிருந்தாலும் ஒன்றாகவே கருதப்படும் என்கிறது. ஒருமுறை சட்டத்தின் கீழ் வந்த நிறுவனம், பின்னர் ஆட்களைக் குறைத்தாலும் அதிலிருந்து வெளியேற முடியாது.

மெட்டியாப்ரூஸ் போன்ற தையல் தொழில் பகுதிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரை "அவர் என் ஆள் இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. 1973-இல் சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. தைத்த துணி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கு இருந்தது. பீஸ் ரேட்டில் கூலி பெற்றாலும் அந்தத் தையற்காரர்கள் தொழிலாளர்களே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வரிப் பொறுப்புக்கு வருவோம். மேற்கு வங்கத்தில் 1979-ஆம் ஆண்டின் தொழில் வரிச் சட்டப்படி, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பெறுபவரிடம் முதலாளி வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 12,000 ரூபாய் பெறுபவருக்கு அது 110 ரூபாய். பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்பவர் அரசையும் தொழிலாளியையும் ஒருசேர ஏமாற்றுகிறார். வைப்பு நிதிக்காகத் தொழிலாளியிடம் பிடித்த பங்கு இன்னும் கடுமையாகப் பார்க்கப்படுகிறது: அதைச் செலுத்தாதிருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவில் இருந்த இந்த விளக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. மேலும், 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் பங்கைக் கெடு தேதிக்குள் கட்டாத முதலாளி அதைச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெற முடியாது என்று தீர்த்தது. கெடு, அடுத்த மாதம் 15-ஆம் தேதி.

சிறு முதலாளியின் நெருக்கடி பொய்யல்ல. பெரிய வாங்குபவர்கள் விலையை அமுக்குகிறார்கள், பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். அந்த நெருக்கடியின் செலவைத் தொழிலாளியின் வைப்பு நிதியிலிருந்து எடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஒழுங்காகக் கட்டும் சிறு முதலாளியை முதலில் வீழ்த்துபவர், கட்டாத பக்கத்துக் கடைக்காரரே.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் என்பது அதன் விளம்பரம். அந்தக் கடிதத்தைக் கட்டாயமாக்கும் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு பொருந்துவதோ பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு. ஒன்பது பேர் என்ற பதிவேடு அங்கும் முதலாளியைக் காப்பாற்றுகிறது. ஆய்வாளர் இனி "ஆய்வாளரும் உதவியாளரும்" ஆகிறார். ஊதியத் தொகுப்பின்படி, முதல் மீறலுக்கு வழக்குத் தொடரும் முன் முதலாளிக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும்.

இவற்றைவிடக் கொடியது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சத்தமின்றி நுழைந்துள்ள காலவரம்பு. பழைய சட்டத்தில் வைப்பு நிதி நிலுவையை நிர்ணயிக்கும் விசாரணைக்குக் காலக்கெடு இல்லை. இப்போது ஐந்தாண்டுகள் கடந்த நிலுவைக்கு விசாரணையே தொடங்க முடியாது. பைண்டிங் பட்டறையில் இருபது வருடம் பசை தடவியவரின் முதல் பதினைந்து வருடங்கள் இவ்வாறு கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

ஆகவே, தோழர்களே, கடைகளிலும் பட்டறைகளிலும் சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை சாட்சியத்தைச் சேகரிப்பது. கூலிச் சீட்டு, வங்கிக் கணக்கில் ஊதியம் வந்த பதிவு, வேலை முடித்த துணிக்கும் ஃபாரங்களுக்கும் எழுதிய சிட்டை, முதலாளி அனுப்பிய குறுஞ்செய்தி ஆகிய எதையும் தொழிலாளர்கள் தூக்கி எறியக் கூடாது. ஐந்தாண்டு எல்லையைக் கடக்கும் தறுவாயில் உள்ள நிலுவைகளுக்கான மனுக்களை முதலில் எழுத வேண்டும். மற்றவை அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம்.