மாமா விட்டுச்சென்ற வாத்தியம்

இன்று ஓர் இசைக் கருவியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முன்னால், அந்தக் கருவிக்கு நான் இழைத்த தவறையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி, இப்பொழுது கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள். அவளுடைய தாய்மாமன் லாரி ஓட்டியவர். கோயில் பஜனைகளில் வாத்தியம் வாசித்தவர். அவர் காலமான பிறகு, இந்தியாவிலிருந்து அவர் வாங்கி வந்த கருவி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "இது கித்தார்தான். கழுத்து வளைந்துவிட்டது. அதனால்தான் தந்திகள் பலகையில் படியாமல் தூக்கி நிற்கின்றன" என்று சொல்லி, ஐம்பது வெள்ளி தருவதாகக் கூறினாராம் கடைக்காரர்.

"ஐயா, மாமா இதைக் கண்ணு மாதிரி வச்சிருந்தாரு. விக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் எடுத்து வந்தாள்.

நான் பார்த்தேன். உடல் கித்தாரின் உடல்தான். ஆனால் கித்தாருக்கு ஆறு தந்திகள் அல்லவா? இதில் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தன. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு மரப்பட்டை. அதிலே வரிசையாகச் சிறு முளைகள். யாரோ வேண்டாத வேலை செய்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். "கூடுதலாக உள்ளதை எடுத்துவிட்டால் உன் தம்பி கித்தார் பழகலாம்" என்று சொல்லி, குறடு கொண்டு இரண்டு மெல்லிய தந்திகளை வெட்டியும் விட்டேன். மூன்றாவதை வெட்டப் போகும்போது குறடு பெரிய தந்தி ஒன்றில் பட்டு அது ஒலித்தது. அதைக் கையால் அழுத்தி நிறுத்தினேன். அப்பொழுதும் உள்ளே ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. குறடைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கருவியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, நானும் அந்தப் பெண்ணும் கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் உள்ள வீணை ஆசிரியர் ஒருவரிடம் போனோம். அவர் உடனே பெயர் சொல்லிவிடவில்லை. முதலில் தந்திகளை விட்டுவிட்டு முளைகளை எண்ணினார். "தந்தி அறுந்து போகும், முளை அப்படியே இருக்கும்" என்றார். முளைகள் 20 இருந்தன. பிறகு, மெல்லிய தந்திகள் எந்த வழியாகச் செல்கின்றன என்று பார்த்தார். அவை பெரிய தந்திகளுக்குக் கீழே ஓடின. விரலால் தந்தியை அழுத்திப் பார்த்தார். பலகையைத் தொடவே இல்லை. கடைசியாக, "இதனோடு இரும்புத் தண்டு ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார்.

பெண் நாணத்தோடு சொன்னாள்: "இருக்குங்க ஐயா. பாட்டி அதுலதான் பாக்கு இடிக்கிறாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தத் தண்டு இல்லாமல் இதை வாசிக்க முடியாதம்மா. இது மோகன் வீணை" என்றார்.

நேயர்களே, மோகன் வீணையை உருவாக்கியவர் ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஸ்வ மோகன் பட். கித்தாரின் உடலை எடுத்துக்கொண்டு அதை இந்துஸ்தானி இசைக்கு ஏற்றவாறு மாற்றினார். மடியில் கிடத்தி, இடக்கையில் பிடித்த தண்டைத் தந்திகள்மேல் வழுக்கி வாசிக்க வேண்டும். அதனால்தான் தந்திகள் உயரமாக நிற்கின்றன. கடைக்காரர் கோளாறு என்றது உண்மையில் அந்தக் கருவியின் அமைப்பே ஆகும். அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் இவர் வாசித்த இசைத்தட்டு 1994ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது.

நான் வெட்டிய மெல்லிய தந்திகளின் வேலை என்ன? அவற்றை யாரும் நேராக மீட்டிப் பாட்டு வாசிப்பதில்லை. சாலையில் லாரி போகும்போது நம் வீட்டு அலமாரியில் இருக்கும் தம்ளர் தானாகவே கிணுகிணுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதுபோல, மேல் தந்தியில் ஒரு சுரம் எழும்பினால், அதே சுரத்துக்குச் சேர்க்கப்பட்ட கீழ்த் தந்தி தானே அதிரும். இதை ஒத்ததிர்வு என்பார்கள். மோகன் வீணையின் 20 தந்திகளில் 12 இதற்காகவே உள்ளவை. நான் கேட்ட ரீங்காரம் அதுதான்.

தண்டால் வழுக்கி வாசிக்கும் முறை, கித்தாரைப் பொறுத்தவரை, ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் அதைத் தொடங்கினார் என்பர். அந்தத் தீவுகளின் கதை நமக்கு அந்நியமன்று. 1879ஆம் ஆண்டு ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில், மதீரா தீவிலிருந்து போர்த்துகீசியத் தொழிலாளர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தார்கள். மூட்டை முடிச்சோடு தங்கள் சிறிய நரம்புக் கருவியையும் கொண்டு வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததே இன்று பிள்ளைகள் வாசிக்கும் உக்குலேலே. ஹவாய் கித்தார் பின்னர் கல்கத்தாவுக்கும் இந்தித் திரையிசைக்கும் போயிற்று. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இராகங்களை வாசித்துக் காட்டினார்.

வழுக்கி வாசிக்கும் கலை தமிழருக்கும் புதிதன்று. நமது கோட்டுவாத்தியம் வீணையைப் போன்றது. ஆனால் அதற்கு மெட்டுகள் கிடையா. சித்திரவீணை என்றும் அதற்குப் பெயர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி அதில் புகழ்பெற்றவர். அதிலும் ஒத்ததிரும் தந்திகள் உண்டு.

ஆகவே, உங்கள் வீட்டில் பழைய வாத்தியம் எதுவும் கிடந்தால், உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். முளைகளை எண்ணுங்கள். தந்திகள் எட்டாக, இரண்டிரண்டாக நின்றால் மாண்டலினாக இருக்கலாம். பன்னிரண்டு தந்திகள் இரண்டிரண்டாக, மெட்டுகளின் மேல் படிந்து நின்றால் அது பன்னிரண்டு தந்திக் கித்தார். மெட்டில்லாமல் உடல் பாதிப் பேரிக்காய்போல் உருண்டிருந்தால், ஜொகூர் கசலில் வாசிக்கும் காம்புஸாக இருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் சிறு பொருளையும் எறியாதீர்கள். அறிந்தவரிடம் காட்டும்வரை எதையும் வெட்டவோ விற்கவோ வேண்டாம்.

நான் வெட்டிய இரண்டு தந்திகளையும் என் செலவிலேயே மாற்றிக் கொடுத்தேன். பாட்டிக்கு ஒரு சிறிய இரும்பு உரல் உலக்கையும் வாங்கிக் கொடுத்தோம். தண்டு இப்பொழுது தம்பியின் கையில் இருக்கிறது. அவன் வாசிப்பு இன்னும் காதுக்கு இனிமையாக இல்லை. ஆனாலும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்.