வெண்சாறனும் ஒளிமானியும்



மருதமுனை என்றதும் தறியின் ஓசை நினைவுக்கு வராதார் கிழக்கிலங்கையில் அரியர். கல்முனைக்கு வடக்கே, வங்கக் கடலை நோக்கி அமைந்த அவ்வூரில் நெய்த சாறனும் சேலையும் ஒரு காலத்தில் வியாபாரியின் தோளில் ஏறி ஊரூராகச் சென்றன. இன்றோ துணி செல்லுமுன் அதன் படம் செல்கின்றது. தொலைவில் இருந்து வாங்குபவர் படத்தைக் கண்டே விலை பேசுகின்றார். படத்திற் காணாத கரை துணியில் இருந்தாலும், படத்திற் சிவந்திருந்த சேலை கையிற் கிடைத்தபோது வேறு சிவப்பாக இருந்தாலும், பொதி திரும்பி வந்துவிடும். அந்த நட்டம் படம் பிடித்தவரைச் சேர்வதில்லை, நெய்தவரையே சேர்கின்றது.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸறாவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்னும் பேரறிஞர், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகின்றது என்று விளக்கினார். கமராவும் அவ்வாறே காண்கின்றது. ஆயினும் பொருளின்மேல் விழும் ஒளி வேறு. பொருளிலிருந்து மீளும் ஒளி வேறு. படம் பிடிப்போர் செய்யும் பிழைகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளைபவையே.

மீளும் ஒளியை அளக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது கறுப்புச் சாறனா வெண்சாறனா என்பது தெரியாது. எதைக் காட்டினாலும், விழும் ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கை மீட்டுத் தரும் சாம்பல் நிறப் பொருள் என்றே அது எண்ணிக்கொள்ளும். அதன் சொற்படியே இரு சாறன்களையும் தனித்தனியே படம் பிடித்தால் இரண்டும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். மானியின்மேற் குற்றமில்லை, கேட்ட கேள்விதான் தவறு. துணி இருக்கும் இடத்திற் சென்று, மானியின் வெண்குமிழைக் கமராவின் பக்கம் திருப்பி, விழும் ஒளியை அளந்தால், வெண்மை வெண்மையாகவும் கருமை கருமையாகவும் அமையும்.

இனி, கமராவைப் பார்ப்போம். சுவீடன் நாட்டு ஹசல்பிளாட் நிறுவனம் 1957இல் வெளியிட்ட 500சி என்னும் நடுத்தர அளவுக் கமராவுக்குள் ஒளிமானி கிடையாது. அதன் பிலிம் பெட்டியோ கழற்றி மாற்றத்தக்கது. அவ்வசதியே பிற்காலத்தில் அதற்கு மறுவாழ்வு அளித்தது. பிலிம் பெட்டி இருந்த இடத்தில் இன்று டிஜிட்டல் பின்பெட்டியைப் பொருத்தலாம். 2024இல் வந்த சிஎஃப்வி 100சி என்னும் பின்பெட்டி, பத்துக் கோடி புள்ளிகளாற் படம் தீட்டுவது. 1957 முதல் அவ்வரிசையில் வந்த பெரும்பாலான கமராக்களுக்கு அது பொருந்தும். இழையை இழையாகக் காட்டும் ஆற்றல் அதற்குண்டு. ஆயினும் பழைய கமராவுக்கு ஒளியை அளக்கத் தெரியாது என்ற நிலை மாறவில்லை, கைமானியே கதி.

பழக்கம் பகையாவது இங்கேதான். நெகட்டிவ் பிலிமிற் படம் பிடித்துத் தேர்ந்தவர், ஐயம் வந்தால் ஒளியைச் சற்றுக் கூட்டியே வைப்பார். பிலிமும் அதைப் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் பின்பெட்டி அவ்வாறு பொறுக்காது. அதன் ஒவ்வொரு புள்ளியும் கூரைநீர் ஏந்த வைத்த குடம் போன்றது. குடம் நிறைந்தபின் வீழும் நீருக்குக் கணக்கில்லை. வெண்சாறனிற் பாலேடு போல ஓடும் மெல்லிய கோடு அவ்வாறு வழிந்தோடிவிட்டால், எந்தக் கணினியாலும் அதை மீட்க இயலாது. இருண்ட பகுதியை ஓரளவு பின்னர் ஒளியேற்றிக்கொள்ளலாம். புள்ளி புள்ளியாகச் சிறிது கரகரப்புத் தோன்றும், அவ்வளவே. ஆகவே பிலிமுக்கு நிழலைக் காத்த கை, இங்கே வெளிச்சத்தைக் காக்க வேண்டும்.

கடுஞ்சிவப்புச் சேலை இதனினும் வஞ்சகமானது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கணக்குகளில் சிவப்புக் குடம் மட்டும் நிறைந்து வழிய, மொத்தக் கணக்கு நலமே என்று வரைபடம் காட்டும். படத்தில் நெசவு மறைந்து, வண்ணம் பூசிய பலகை போலச் சேலை தோன்றும். மூன்று நிறங்களின் வரைபடங்களையும் தனித்தனியே பார்க்காதவர் இதை அறியார். பின்பெட்டியின் சிறு திரையை நம்பலாமே எனின், கல்முனைக் கடற்கரையின் காலை வெயிலில் அத்திரை இருண்டே தோன்றும். அதைக் கண்டு ஒளியைக் கூட்டியவர் வீடு சென்று வருந்துவார். திரையிலுள்ள படத்தைவிட வரைபடமே நம்பத்தக்கது.

இழையின் நெருக்கத்தைக் காட்ட வில்லையை முன்னே நீட்டி அண்மையிற் படம் பிடிக்கும்போது, உள்ளே புகும் ஒளி குறையும். கைமானி இதை அறியாது. துணியின் இயல்பளவுக்கே உருவம் விழுமாயின், மானி சொன்னதைப்போல் நான்கு மடங்கு ஒளி வேண்டும்.

பின்பெட்டியிற் குறித்துள்ள உணர்திறன் எண்ணும் கைமானியின் கணக்கும் எப்போதும் ஒத்துப்போகும் என்று கொள்வதற்கில்லை. புதிதாக வாங்கியவர் ஒருநாட் காலை, வெள்ளைத்துணி, சாம்பல் அட்டை, கறுப்புத்துணி மூன்றையும் ஒருசேர நிழலில் வைத்து, மானி சொன்ன அளவிலும் அதற்கு மேலும் கீழுமாகச் சில படங்கள் பிடித்து, வெள்ளைத்துணியின் இழை எந்த அளவில் மறைகின்றதென்று குறித்துக்கொள்ள வேண்டும். பழைய செலினிய ஒளிமானி இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கும். மின்கலம் வேண்டாத நல்ல கருவிதான் அது. ஆயினும் முதுமையில் அதன் பார்வை மங்கி, உள்ள ஒளியைக் குறைத்துச் சொல்லும். அதை நம்பி ஒளியைக் கூட்டினால் வெண்சாறனின் கோடு மீண்டும் போய்விடும். ஆதலால் அதையும் அதே நிழலில், அதே அட்டைக்கு எதிரே, புதிய மானியோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு சிறு காகிதத்தில் எழுதி அதன் உறைக்குள் வைத்துவிடுவது நன்று.