பாதி முகத்தை இழுத்து முழு முகம் செய்த கண்ணாடி

திரையில் தெரிகிற முகத்தைப் பாருங்கோ. நாடக முகமூடி ஒன்று: சுருட்டை முடி, திறந்த வாய். உயரம் மூன்று சென்ரிமீற்றர் வந்தால் பெரிய விசயம். மூக்கு வழியே மேலிருந்து கீழே மெல்லிய கோடு ஓடுது, தெரியுதா? வேலையின் சூட்சுமம் அந்தக் கோட்டில்தான் இருக்கு.

இது எகிப்தில், ஏறத்தாழ 2000 வருசத்துக்கு முன் செய்தது. கைவினைஞர் முழு முகம் செய்யவே இல்லை. கண்ணுக்கு, புருவத்துக்கு, உதட்டுக்கு என்று வெவ்வேறு நிறக் கண்ணாடிக் கம்பிகளை அடுக்கிப் பாதி முகத்தை மட்டும் கட்டினார். சூட்டில் இளகி ஒட்டினதும் இழுத்தார். சீனிப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுமே, அப்படி. கட்டு நீள நீள மெலியும். உள்ளே இருக்கிற படமும் குலையாமல் சேர்ந்து சுருங்கும். ஆறினபிறகு குறுக்கே அரிந்தால் துண்டுக்குத் துண்டு அதே பாதி முகம். இரண்டு துண்டை எடுத்து, ஒன்றைப் புரட்டி மற்றதோடு ஒட்டினால் ஆள் முழுசு! தூரிகையே படவில்லை. நிறம் கண்ணாடியிலேயே இருக்கு: நீலத்துக்குக் கோபால்ற்று, சிவப்புக்குச் செம்பு.

ரோமர் காலத்தில் இப்படி இழுத்து அரிந்த பூப்படத் துண்டுகளைப் பரப்பி, உருக்கித் தகடாக்கி, அச்சில் படியவைத்துக் கிண்ணமும் செய்தார்கள். பிறகு கண்ணாடி ஊதும் குழல் பரவியது. ஊதினால் நிமிசத்தில் ஒரு பாத்திரம். இந்த மினக்கெட்ட வேலைக்கு யார் காசு கொடுப்பார்? எங்கட இலங்கையில் 1955இல் தொடங்கின கண்ணாடிக் கொம்பனி செய்த போத்தல்களும் அந்த ஊதலின் வாரிசுதான். வாய்க்குப் பதில் இயந்திரம், அவ்வளவுதான்.

சரி, எங்கட கரைக்கு என்ன வந்தது? கி.பி. 1ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தில் இறங்கின சரக்குகளில் உருவம் கொடுக்காத கண்ணாடியையும் சொல்லுது. கட்டியாக வாங்குகிறவனிடம் உலையும் கைகாரரும் இருந்திருக்க வேணும் என்பது என் கணிப்பு. புதுச்சேரிக்குக் கிட்ட அரிக்கமேட்டிலும், மன்னாருக்குக் கிட்ட மாந்தையிலும் மணி செய்தவர்களும் கண்ணாடியை இழுத்தவர்கள்தான். இவர்கள் நடுவில் படம் வைக்கவில்லை, துளை வைத்தார்கள். இழுத்த குழாயைச் சின்னச் சின்னதாக நறுக்கினால் மணி. எனக்கு அந்த முகத்தைவிட இந்த மணிதான் பெரிய கெட்டித்தனமாகப் படுது. முகம் பணக்கார வீட்டு அலங்காரம், மணி தென்கிழக்காசியா வரை சாதாரண சனத்தின் கழுத்துக்கும் போனது.

பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயர் வைத்தார். அரிக்கமேட்டு முறையை விளங்கிக்கொள்ள அவர் போய்ப் பார்த்தது ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையை. அங்கே அந்த வேலை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. நறுக்கின மணியின் கூர் விளிம்பு மழுங்க மறுபடி சூடாக்க வேணும்; சூட்டில் துளை மூடிவிடாமல் இருக்கச் சாம்பலைப் போட்டுப் பிரட்டுவார்கள்.